சான் ஹசின்டோ மலைக்கு எந்த வழியாக ஏறுவது? திரும்பும் வழியை வைத்து ஒரு தேர்வு

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து 10ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே ஏறத்தாழ இரண்டு மணி நேரம் சென்று, பேனிங் என்ற ஊரைக் கடந்ததும், சாலையின் வலப்பக்கத்தில் ஒரு மலை சுவரைப் போல எழுந்து நிற்கும். அதுதான் சான் ஹசின்டோ. அதன் உச்சி 10,834 அடி, அதாவது 3,302 மீட்டர். வடக்கு அடிவாரத்துக்கும் உச்சிக்கும் இடையில் கிடைமட்டத் தொலைவு ஏழு மைல் அளவுதான். அந்த ஏழு மைலுக்குள் நிலம் பத்தாயிரம் அடி உயர்ந்துவிடுகிறது. இடப்பக்கத்தில் அதைவிடவும் உயரமான சான் கோர்கோனியோ மலை இருக்கிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள கணவாயில் காற்று ஓயாமல் வீசுவதால் ஆயிரக்கணக்கில் காற்றாலைகளை நிறுத்தியிருக்கிறார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயைப் பேருந்தில் கடந்திருப்பவர்களுக்கு அந்த இடம் உடனே பழகியதாகிவிடும்.

இந்த மலையின் மேற்பகுதியில் ஏறத்தாழ 14,000 ஏக்கர் பரப்பில் விரிந்திருப்பது சான் ஹசின்டோ மலை மாநிலப் பூங்கா. பூங்கா என்ற சொல்லைக் கேட்டுப் புல்வெளியையும் ஊஞ்சலையும் எதிர்பார்த்துச் செல்லக் கூடாது. இதன் பெரும்பகுதி சட்டப்படி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. உச்சிக்கு வாகனச் சாலை கிடையாது, காட்டுக்குள் விளக்கு கிடையாது, மிதிவண்டிக்கும் அனுமதி இல்லை. வீட்டு நாயையும் பாதைகளில் அழைத்துச் செல்ல முடியாது. உள்ளே செல்ல மூன்று வழிகள் உள்ளன. கிழக்கே பாம் ஸ்பிரிங்ஸ் பாலைவனத்திலிருந்து கம்பிவடத்தில் தொங்கிச் செல்லும் ட்ராம் ஒன்று. மேற்கே ஐடில்வைல்ட் என்ற மலைக் கிராமத்திலிருந்து புறப்படும் நடைபாதைகள் மற்றொன்று. மூன்றாவது, பாலைவனத் தரையிலிருந்தே நடந்து ஏறும் நெடும்பாதை. தெற்குக் கலிஃபோர்னியாவில் குடியிருக்கும் நம்மவர்கள் பலர், ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்கும் நாட்களிலோ நண்பர்கள் கூடும் நீண்ட வார இறுதியிலோ இந்த மலைக்குத் திட்டமிடுகிறார்கள். எந்த வழியாகச் செல்வது என்பதை அவர்கள் பெரும்பாலும் மைல் கணக்கையும் அடிக் கணக்கையும் வைத்தே முடிவு செய்கிறார்கள்.

அந்தக் கணக்கு போதாது என்பதே பல ஆண்டுகளாக மூன்று பக்கமும் சென்று வந்த பிறகு என் கருத்து. பழனிக்குப் போகிறவர் படியா, யானைப்பாதையா, வின்ச்சா, ரோப் காரா என்று எதைத் தேர்ந்தாலும் ஏறும் குன்று ஒன்றுதான். எந்த இடத்தில் களைத்தாலும் திரும்பிவிடலாம். சான் ஹசின்டோ அப்படிப்பட்டதன்று. இங்கே ஒவ்வொரு வழியும் உடலின் களைப்பை நாளின் வெவ்வேறு பொழுதில் கொண்டுவந்து வைக்கிறது. ஆகவே ஏறும்போது எவ்வளவு கடினம் என்று கேட்பதற்கு முன், முடியவில்லை என்று தோன்றும் இடத்தில் திரும்பும் வழி எப்படி இருக்கும் என்று கேட்க வேண்டும். உடன் வருபவர் எழுபது வயதுத் தாயாராக இருந்தாலும் இருபது வயது நண்பராக இருந்தாலும் இந்தக் கேள்வி ஒன்றுதான்.

முதலில் ட்ராம். பாம் ஸ்பிரிங்ஸுக்கு வடக்கே சீனோ பள்ளத்தாக்கின் வாயில் 2,643 அடி உயரத்தில் கீழ் நிலையம் இருக்கிறது; மேல் நிலையம் 8,516 அடியில். இடையிலுள்ள ஏறத்தாழ இரண்டரை மைலை வட்ட வடிவமான பெட்டி பத்து நிமிடத்தில் கடக்கிறது. 2000ஆம் ஆண்டில் மாற்றப்பட்ட இந்தப் பெட்டிகளின் தரை மெல்லச் சுழல்வதால், எந்த மூலையில் நின்றாலும் எல்லாத் திசையும் கண்ணுக்குக் கிடைத்துவிடும். புறப்படும்போது கீழே கள்ளியும் வறண்ட பாறையுமாகத் தெரியும் நிலம், இறங்கும்போது பைன் காடாகியிருக்கும். வெப்பம் பதினைந்து முதல் இருபது டிகிரி செல்சியஸ் வரை குறைந்திருக்கும். கீழே சட்டை வியர்வையில் நனைந்திருந்தவர்கள் மேலே கம்பளி தேடுவதைக் கோடைக்காலத்திலும் பார்க்கலாம்.

இந்த உயரத்தை நம் கணக்கில் சொல்வதானால், மேல் நிலையம் 2,596 மீட்டர். தொட்டபெட்டாவின் உச்சியைவிட நாற்பது மீட்டர்தான் தாழ்வு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயில் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எடுத்துக்கொண்டு ஏறும் உயரத்துக்குச் சற்றே குறைந்த ஏற்றத்தை ட்ராம் பத்தே நிமிடத்தில் முடிக்கிறது. உடலுக்கு இது சிறிய செய்தியன்று. மேல் நிலையத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். உச்சியில் அது மூன்றில் இரண்டு பங்காகக் குறைகிறது. மலை ரயிலில் மெல்ல ஏறும்போது உடல் கொஞ்சமாவது பழகிக்கொள்ளும். ட்ராமில் அதற்கு நேரமே இல்லை. தலைவலி, லேசான குமட்டல், நாலடி நடந்தால் மூச்சிரைப்பு ஆகியவை நலமாக இருப்பவர்களுக்கும் வரக்கூடும். இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ள பெரியவர்கள் மருத்துவரிடம் கேட்ட பிறகே ஏற வேண்டும். ஏறியவுடன் அரை மணி நேரம் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பதும், கைப்பிடிச் சுவர் ஓரத்தில் நின்று பாலைவனத்தைப் பார்ப்பதும் பொழுதை வீணாக்குவதாகாது.

ட்ராம் வழியில் பெரும்பாலோர் கவனிக்காத ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். மேல் நிலையம் ஒரு மேட்டின் மேல் இருக்கிறது. காட்டுக்குள் செல்லும் எல்லாப் பாதைகளும் அதற்குக் கீழே உள்ள லாங் வேலி என்ற தாழ்நிலத்திலிருந்தே தொடங்குகின்றன. அங்கே இறங்குவதற்கு வளைந்து வளைந்து செல்லும் செங்குத்தான சிமென்ட் சாய்தளம் உண்டு. இறங்கும்போது காற்று குளிர்ச்சியாக இருக்கும், கால்கள் தாமாகவே நடக்கும், எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டே போவார்கள். திரும்பும்போது அதே சாய்தளம் ஏற்றமாகிறது. நாளின் முடிவில், கால்கள் ஓய்ந்த பின்னர், மெல்லிய காற்றில் அதை ஏற வேண்டும். என் தந்தையார் முதன்முறை வந்தபோது காட்டுக்குள் ஒரு மைல் தூரத்தை எந்தச் சிரமமும் இல்லாமல் நடந்தார். இந்தக் கடைசிச் சாய்தளத்தில் நான்கு முறை உட்கார்ந்தார். அன்று முதல், வயதானவர்களை அழைத்துச் செல்லும் எவரிடமும் இறங்குவதற்கு முன் திரும்பி ஏறுவதை யோசியுங்கள் என்று சொல்லிவருகிறேன். முழங்கால் வலி உள்ளவர்கள் நிலையத்தின் காட்சி மேடையிலேயே இருந்துவிடலாம். உணவகமும் கழிப்பறையும் அங்கேயே இருக்கின்றன; அங்கிருந்து தெரியும் கிழக்குக் காட்சிக்காகவே வந்திருந்தாலும் பயணச் செலவு வீண் போகாது.

சாய்தளம் இறங்க முடிந்தவர்களுக்கு லாங் வேலியில் இரண்டு சிறு சுற்றுகள் உள்ளன. முக்கால் மைல் நீளமுள்ள ஒன்று ஏறக்குறையச் சமதளம்; குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் அதுவே போதும். ஒன்றரை மைல் நீளமுள்ள மற்றொன்று பாறை முகப்புகளின் வழியாகச் சென்று பாலைவனத்தை ஐந்தாறு இடங்களில் எட்டிப்பார்க்க வைக்கிறது. இந்தச் சுற்றுகளில் ஜெஃப்ரி பைன் மரத்தைக் கண்டால் அதன் பட்டையின் பிளவில் மூக்கை வைத்து முகர்ந்து பாருங்கள். வெயில் படும் நேரத்தில் வனிலா வாசனை வரும். குழந்தைகள் அதை ஆண்டுகள் கடந்தும் மறப்பதில்லை. நீல நிற ஸ்டெல்லர் ஜே பறவைகள் உணவுப் பொட்டலத்தைத் தேடி அருகிலேயே வந்து உட்காரும். அவற்றுக்கு முறுக்கோ பிஸ்கட்டோ போடாமல் இருப்பதே அவற்றுக்கு நாம் செய்யும் நன்மை.

ட்ராமில் ஏறி உச்சிவரை செல்லவும் முடியும். லாங் வேலியிலுள்ள ரேஞ்சர் நிலையத்தில் அன்றைய நாளுக்கான அனுமதிச் சீட்டை இலவசமாக எழுதிப் பெற்றுக்கொண்டு, இரண்டு மைலுக்குச் சற்று மேல் நடந்தால் ரவுண்ட் வேலி என்ற புல்வெளி வரும். அங்கிருந்து ஏற்றம் தொடங்கும். ஏறத்தாழ 9,700 அடி உயரத்தில் வெல்மன் டிவைட் என்ற மலைமுகட்டில் தெற்குத் திசை முழுவதும் திறந்துகொள்ளும். அதற்குப் பிறகு பாதை மலையின் கிழக்குச் சரிவைச் சுற்றி ஏறிச் சென்று, உச்சிக்குக் கீழே 1930களில் கட்டப்பட்ட ஒரு கல் வீட்டருகில் முடிகிறது. பொருளாதார நெருக்கடி நாட்களில் வேலையற்ற இளைஞர்களைக் கொண்டு அரசு நடத்திய காப்புப் படையினர் கட்டிய வீடு அது. புயலில் சிக்கியவர்கள் ஒதுங்குவதற்காகக் கட்டப்பட்டது. இன்றும் அதற்கே பயன்படுகிறது. வீட்டுக்கு மேலே பாதை என்று ஒன்று கிடையாது. பெரும் பாறைகளைக் கையால் பற்றித் தாண்டியே உச்சியைத் தொட வேண்டும். போக வரச் சுமார் 11 மைல், ஏற்றம் ஏறத்தாழ 2,300 அடி. நல்ல நடைப் பழக்கம் உள்ளவருக்கு ஆறேழு மணி நேரம் ஆகும்.

எண்களைப் பார்த்தால் மூன்று வழிகளிலும் உச்சிக்கு இதுவே எளிது. ஆனால் இதன் திரும்பும் வழிக்கு ஒரு பூட்டு உண்டு: கடைசி ட்ராம் புறப்படும் நேரம். அந்த நேரம் பருவத்துக்கும் நாளுக்கும் ஏற்ப மாறுவதால் காலையிலேயே அன்றைய நேரத்தைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். காலையில் முதல் பெட்டியே சற்றுத் தாமதமாகத்தான் கிளம்பும். வார இறுதியில் வரிசையில் நின்று பதினொரு மணிக்கு மேலே வந்து சேர்ந்தவர் உச்சியை இலக்காக வைத்தால் நாள் முழுதும் கடிகாரத்துடன் ஓட வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட நாளில் ரவுண்ட் வேலியையோ வெல்மன் டிவைடையோ இலக்காக வைத்துக்கொள்வது நல்லது. செப்டம்பரில் பராமரிப்புக்காக ட்ராமைச் சில வாரங்கள் நிறுத்துவது வழக்கம் என்பதையும் விமானச் சீட்டு எடுக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

ட்ராமின் பின்னே நீண்ட வாக்குவாதம் ஒன்று உள்ளது. 1935இல் பிரான்சிஸ் கிராக்கர் என்ற மின்பொறியாளர், வெயில் கொளுத்திய ஒரு நாளில் பனி மூடிய உச்சியைப் பார்த்து அங்கே செல்ல ஒரு வழி வேண்டும் என்று எண்ணியதிலிருந்து அது தொடங்குகிறது. 1945இல் சட்டம் நிறைவேறியும், 1963 செப்டம்பரில்தான் முதல் பெட்டி பொதுமக்களை ஏற்றிச் சென்றது. ஐந்து தாங்குகோபுரங்களில் கீழே உள்ள ஒன்றுக்கு மட்டுமே சாலை போட முடிந்தது. மற்ற நான்கையும் ஹெலிகாப்டர்களில் பொருளையும் ஆட்களையும் ஏற்றிச் சென்று கட்டினார்கள். காட்டைக் காட்டாகவே விட வேண்டும் என்று இயற்கைப் பாதுகாப்பாளர்கள் பல ஆண்டுகள் இதை எதிர்த்தார்கள். நடந்து ஏறுவதையே விரும்புகிற எனக்கும் அவர்களுடைய கவலை புரிகிறது. இருப்பினும், நடக்க முடியாத என் தாயார் அந்த மேடையில் நின்று, கீழே பாலைவனமும் பக்கத்தில் பனியும் ஒரே பார்வையில் தெரிவதைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த பிறகு, ட்ராம் வேண்டாம் என்ற பக்கம் சேர எனக்கு மனம் வரவில்லை. சாலை ஒன்று வெட்டியிருந்தால் அந்தப் பள்ளத்தாக்கு எப்படிச் சிதைந்திருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்கிறேன்.

மேற்குப் பக்கத்துக்கு வருவோம். பேனிங்கிலிருந்து 243ஆம் எண் மலைச்சாலையோ ஹெமெட்டிலிருந்து 74ஆம் எண் சாலையோ ஐடில்வைல்டுக்கு இட்டுச் செல்லும். ஊர் ஏறத்தாழ 5,400 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே ஓர் இரவு தங்கினாலே உடல் பாதி பழகிவிடும். ட்ராமுக்கும் இதற்கும் உள்ள முதல் வேறுபாடு இதுதான். ஊருக்குள்ளேயே மாநிலப் பூங்காவின் கூடாரத் தளம் ஒன்றும், சில மைல் வடக்கே காட்டுக்குள் ஸ்டோன் கிரீக் என்ற மற்றொரு தளமும் உள்ளன. முதன்முறை கூடாரம் அடிக்கும் குடும்பத்துக்கு ஊருக்குள் இருப்பதே வசதி. இரவில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் பால் தீர்ந்தாலும் கடைக்கு நடந்தே போகலாம்.

இந்தப் பக்கத்தில் நான் முதலில் பரிந்துரைப்பது டெவில்ஸ் ஸ்லைட் என்ற பாதை. பெயரில் பிசாசு இருந்தாலும் பாதை மிக அன்பானது. ஹம்பர் பார்க் என்ற வாகன நிறுத்தத்தில் ஏறத்தாழ 6,500 அடியில் தொடங்கி, இரண்டரை மைலில் 8,100 அடி உயரத்திலுள்ள சேடில் சந்திப்பை அடைகிறது. ஏற்றம் ஒரே சீராக இருக்கும். செங்குத்தாக மூச்சை வாங்கும் இடம் எதுவும் இல்லை. பாதையின் எதிரே லில்லி பாறை என்ற வெண்ணிறப் பெரும்பாறை முழுதாகத் தெரியும். பாறை ஏறும் கலையில் கடினத்தை 5.1, 5.2 என்று எண்ணால் குறிக்கும் முறையை 1950களில் இந்தப் பாறையில் பயின்றவர்கள்தாம் வகுத்தார்கள். இன்று அந்த முறை அமெரிக்கா முழுவதும் வழங்குகிறது. கயிற்றில் தொங்கும் சிறு உருவங்களைக் காலையில் பார்த்துக்கொண்டே நடக்கலாம்.

இந்தப் பாதையின் சிறப்பு என்னவென்றால், எங்கே நின்றாலும் திரும்புவது இறக்கம்தான். ஒரு மைல் நடந்து களைத்த குழந்தையும் சரி, முகடுவரை வந்து தலை வலித்த பெரியவரும் சரி, திரும்பிய கணத்திலிருந்து ஒவ்வோர் அடியும் எளிதாகும், காற்று அடர்த்தியாகும், வாகனம் நெருங்கும். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்ற கவலை இல்லை. விடியற்காலை ஐந்து மணிக்கும் தொடங்கலாம். நாள் முழுவதையும் நம் உடலின் போக்கில் நடத்திக்கொள்ள இடம் தரும் வழி மூன்றில் இது ஒன்றுதான். அதனால்தான் மைல் கணக்கு கூடுதலாக இருந்தபோதும் இதை ட்ராமைவிடப் பாதுகாப்பானது என்கிறேன்.

சேடில் சந்திப்பில் ஒரு தேர்வு வரும். மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லைவரை செல்லும் பசிஃபிக் முகட்டுப் பாதை இங்கே குறுக்கிடுகிறது. தெற்கே சுமார் இரண்டு மைல் சென்றால் தாக்விட்ஸ் சிகரம். உயரம் ஏறத்தாழ 8,800 அடி. அங்கே காட்டுத்தீயைக் கண்காணிக்கும் பழைய மரக்கூண்டு ஒன்று இருக்கிறது. பருவக் காலத்தில் தன்னார்வலர்கள் அதில் காவல் இருப்பார்கள். எங்கெங்கே புகை தெரிந்தால் எப்படி இடம் கணிப்பது என்பதை ஆர்வத்துடன் கேட்பவர்களுக்கு விளக்குவார்கள். போக வர ஒன்பது மைலுக்குள் முடிந்துவிடும் இந்த நடை, உச்சி என்ற பெயருக்கு ஆசைப்படாதவர்களுக்கு இந்த மலையின் மிகச் சிறந்த நாள் என்று நான் கருதுகிறேன். தாக்விட்ஸ் என்பது இந்த நிலத்தின் தொல்குடிகளான கவீயா மக்களின் கதைகளில் வரும் அச்சம் தரும் ஆவியின் பெயர். மலையின் உறுமலை அவர்கள் அவனுடைய குரலாகக் கேட்டார்கள். கீழே பாம் ஸ்பிரிங்ஸின் நிலத்தில் பெரும் பகுதி இன்றும் அம்மக்களின் அகுவா கலியென்டே குழுவுக்கு உரியது.

சேடிலிலிருந்து வடக்கே சென்றால் வெல்மன் டிவைட் வழியாகச் சான் ஹசின்டோ உச்சியை அடையலாம். ஹம்பர் பார்க்கிலிருந்து போக வர ஏறத்தாழ 16 மைல், ஏற்றம் 4,000 அடிக்கு மேல். ட்ராம் வழியைவிட இது ஐந்து மைல் நீளம், ஏற்றமோ ஏறத்தாழ இரு மடங்கு. ஆயினும் உச்சியில் நிற்கும்போது உடல் நலமாக இருப்பது இந்த வழியில்தான் அதிகம் என்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். மெல்ல ஏறியதால் உயரம் தலைக்குள் புகுந்து அடிப்பதில்லை.

மேரியன் மவுண்டன் பாதை உச்சிக்கு இதைவிடக் குறுகியது. ஒரு பக்கம் ஆறு மைலுக்குள் முடிந்துவிடும். ஆனால் அதே உயரத்தைக் குறைந்த தொலைவில் ஏறுவதால் கால்களுக்கு இரக்கம் காட்டாது, இறங்கும்போது முழங்கால்களுக்கு அதைவிடவும் மோசம். டீர் ஸ்பிரிங்ஸ் பாதை போக வரப் பதினெட்டு மைலுக்கு மேல். கூட்டம் குறைவு, காடு ஆழமானது. ஒரே நாளில் முடிப்பதைவிட வழியிலுள்ள லிட்டில் ரவுண்ட் வேலி என்ற கூடாரத் தளத்தில் ஓர் இரவு தங்கி முடிப்பதே அதற்குப் பொருத்தம்.

மூன்றாவது வழியைப் பற்றி ஒளிவின்றிப் பேச வேண்டும், ஏனென்றால் இணையத்தில் இதன் பெயர்தான் அதிகம் பரவியிருக்கிறது. கள்ளியிலிருந்து மேகம்வரை என்ற பொருள்பட இதற்கு ஆங்கிலத்தில் ஓர் அழகிய பெயர் இருக்கிறது. பாம் ஸ்பிரிங்ஸ் கலை அருங்காட்சியகத்தின் பின்புறம் ஐந்நூறு அடி உயரம்கூட இல்லாத இடத்தில் தொடங்கி, ஸ்கைலைன் பாதை வழியாக லாங் வேலியை அடைந்து, அங்கிருந்து உச்சிக்குச் செல்வது முழுத் திட்டம். மொத்த ஏற்றம் பத்தாயிரம் அடியைத் தாண்டும். பெரும்பாலோர் ட்ராமில் இறங்கிவிடுவார்கள். இதை முடித்தவர்களின் பெருமை நியாயமானது.

ஆனால் திரும்பும் வழி என்ற கேள்வியை இங்கே கேட்டுப் பாருங்கள். லாங் வேலிவரை ஏறத்தாழ எட்டாயிரம் அடி ஏற்றத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடைக்காது, நிழலும் மேல்பகுதியில்தான். நள்ளிரவுக்குப் பின் புறப்பட்டவர் பாதி வழியில் களைத்துத் திரும்ப நினைத்தால், இறங்க இறங்க வெப்பம் கூடும் திசையில், வெயில் ஏறிக்கொண்டிருக்கும் பொழுதில், தீர்ந்துகொண்டிருக்கும் தண்ணீருடன் இறங்க வேண்டும். 2024 ஜூலையில் பாம் ஸ்பிரிங்ஸில் 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. கோடையில் 43, 45 என்பதெல்லாம் அங்கே வழக்கமான பகல். ஒரு கட்டத்துக்குப் பிறகு திரும்புவது ஏறுவதைவிட ஆபத்தாகிவிடுவதால், உடல் மறுத்தும் மேலே போக வேண்டிய நிலை வருகிறது. இந்தப் பாதையில் வெப்பத்தால் பலர் உயிரிழந்திருக்கிறார்கள். அவர்களில் உடற்பயிற்சி மிக்கவர்களும் உண்டு. குளிர்காலத்திலோ சிக்கல் தலைகீழாகிறது. அடிவாரம் இதமாக இருக்க, லாங் வேலிக்குச் சற்றுக் கீழே உள்ள செங்குத்துச் சரிவில் பனி இறுகிக் கண்ணாடியாகியிருக்கும். ஆகவே வெயில் தணிந்து பனி விழாமல் இருக்கும் இலையுதிர்காலத்தின் சில வாரங்கள்தான் இதற்கு ஏற்றவை. அதுவும் மற்ற இரு வழிகளிலும் பலமுறை சென்று, மலையின் மேல்பாதியை இருட்டிலும் அடையாளம் காணக்கூடியவருக்கு மட்டும். முதன்முறை வரும் நண்பர் குழு எதற்கும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ட்ராம் இருக்கிறதே, முடியாவிட்டால் அதில் இறங்கிவிடலாம் என்று சொல்பவர்களிடம், அந்த ட்ராம் ஏற்றத்தின் முடிவில்தான் இருக்கிறது என்பதை நினைவூட்டுவேன்.

பருவத்தைப் பற்றிச் சில சொற்கள். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மேல்பகுதியில் பனி இருக்கும். லாங் வேலியில் குழந்தைகள் பனியில் விளையாடுவதற்கு அது அருமையான காலம். நீர் புகாத காலணியும் கையுறையும் போதும். ஆனால் ரவுண்ட் வேலிக்கு அப்பாலும், டெவில்ஸ் ஸ்லைடின் மேல்பகுதியிலும், காலணியில் மாட்டும் இரும்புப் பற்கள் இல்லாமல் நடக்கக் கூடாது. வெயிலில் உருகி இரவில் உறைந்த பனி, புதுப்பனியைவிடப் பல மடங்கு கொடியது. சறுக்கினால் நிற்கும் இடம் இல்லாத சரிவுகள் இந்த மலையில் நிறைய. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் பிற்பகலில் இடிமழை வரலாம். உச்சியில் நண்பகலுக்குள் இருந்துவிட்டு இறங்கத் தொடங்குவது நல்ல பழக்கம். கோடையின் முடிவில் மேலே உள்ள ஊற்றுகள் வறண்டுவிடுவதால் நாளுக்கு வேண்டிய தண்ணீர் முழுவதையும் சுமந்தே செல்ல வேண்டும்.

தீயும் இந்தத் திட்டத்தில் ஒரு தரப்பு. 2013 ஜூலையில் எரிந்த தீயிலும், 2018 ஜூலையில் எரிந்த தீயிலும் ஐடில்வைல்ட் ஊரையே காலி செய்ய நேர்ந்தது. 2018இல் கருகிய சரிவுகள் மண்ணைப் பிடித்து வைக்க முடியாமல் போனதால், 2019 பிப்ரவரி 14 அன்று கொட்டிய மழையில் 243, 74 ஆகிய இரண்டு சாலைகளும் பல இடங்களில் அடித்துச் செல்லப்பட்டன. அதே மழையில் ட்ராமுக்குச் செல்லும் சாலையும் சிதைந்தது. ஒரே நாளில் இரு பக்கமும் மூடிய மலை இது. எனவே புறப்படும் வாரத்தில் சாலை நிலையைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. காப்புக்காட்டுக்குள் எந்தப் பருவத்திலும் விறகுத் தீ மூட்ட அனுமதி இல்லை. சமைக்கச் சிறு எரிவாயு அடுப்பைத்தான் எடுத்துச் செல்ல வேண்டும்.

செலவைப் பார்த்தால், ட்ராமில் நான்கு பெரியவர்கள் ஏறி இறங்க நூறு டாலருக்கு மேல் ஆகும். ஐடில்வைல்ட் பக்கம் நடைக்கான அனுமதிச் சீட்டு இலவசம். வாகன நிறுத்தத்துக்குச் சிறு கட்டணம் உண்டு. ஆனால் கோடை வார இறுதிகளில் டெவில்ஸ் ஸ்லைட் பாதையில் நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரம்பு உள்ளது. ஊரிலுள்ள வனத்துறை அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டு வாங்குவது நல்லது. வாரநாளில் செல்ல முடிந்தால் இரு பக்கமும் கூட்டத் தொல்லை இல்லை.

இனி என் முடிவு. பெற்றோருடன் செல்வதானால் ட்ராம், அதுவும் மே மாதத்திலோ அக்டோபரிலோ ஒரு வாரநாள் காலையில். சாய்தளம் இறங்குவதா என்பதை அரை மணி நேரம் மேலே இருந்த பிறகு அவர்களே முடிவு செய்யட்டும். பள்ளிக் குழந்தைகளுடன் இரண்டு நாள் கிடைத்தால் ஐடில்வைல்டில் கூடாரம் அடித்து, மறுநாள் டெவில்ஸ் ஸ்லைடில் அவர்கள் கால் போகும்வரை. காட்டில் முதன்முறை இரவு தங்க விரும்பும் இளைஞர்களுக்கு ட்ராமில் ஏறி இரண்டு மைல் நடந்து ரவுண்ட் வேலி. சுமை முதுகில் இருக்கும்போது குறுகிய தூரமே பாடம் கற்க ஏற்றது, தங்குவதற்கான அனுமதியை மட்டும் பல வாரங்களுக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். எனக்கே ஒரு நாள் மட்டும் கிடைக்குமானால், அக்டோபர் முதல் வாரத்தில் விடியலுக்கு முன் ஹம்பர் பார்க்கில் வாகனத்தை நிறுத்தி, தலைவிளக்கு வெளிச்சத்தில் டெவில்ஸ் ஸ்லைடில் ஏறத் தொடங்குவேன். சேடிலை அடையும்போது பைன் மரங்களின் மேல்கிளைகளில் வெயில் பட்டிருக்கும். அங்கே உட்கார்ந்து புளிசாதத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, அன்றைய உடல்நிலையைக் கேட்டு, வடக்கா தெற்கா என்று முடிவு செய்வேன்.